சனிக்கிழமை நாடகம், ஞாயிற்றுக்கிழமை சினிமா

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நானும் என் மனைவியும் தனியாக வெளியூர் போனது மொத்தம் மூன்று தடவை. ஒன்று, அவள் சித்தப்பா பெண் கல்யாணம். இரண்டு, என் பெரியப்பா காரியம். மூன்று, சமயபுரம். (திருச்சிக்காரனுக்கு சமயபுரம் ஒரு வெளியூரா என்று கேட்காதீர்கள். கணக்கில் எண்ணிக்கை குறைந்தால் இப்படி எதையாவது சேர்த்துக் காட்டுவது பி.காம். படித்தவனின் பழக்கம்.)

2023 மே மாதம். பையனுக்கு லீவு. "அவனை நான் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போய்ட்டு வாங்கடா" என்றாள் அம்மா. மாமியார் வாயிலிருந்து இப்படி ஒரு வரம் வந்தால் உடனே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டோம்.

"எங்கே போகலாம்?" என்றேன். கொடைக்கானல் என்பாள், ஸ்வெட்டருக்கு எவ்வளவு ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன்.

"மெட்ராஸ்" என்றாள்.

அக்னி நட்சத்திரத்தில் மெட்ராஸ்! ஜுரத்தில் இருப்பவன் அடுப்பங்கரையில் போய்ப் படுத்துக்கொள்கிற மாதிரி.

"அங்கே என்ன இருக்கு?"

"நாடகம் இருக்கு. கோடையில சபாக்கள்ல நாடக விழா நடக்கும். அப்பா சொல்லிட்டே இருப்பார்."

அப்பா என்றால் என் மாமனார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷ சர்வீஸ். பாஸ் இருந்ததால் வருஷத்துக்கு இரண்டு முறையாவது மெட்ராஸ் போய், மயிலாப்பூரில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு, அன்று ராத்திரி வண்டியிலேயே திரும்பி, காலையில் அப்படியே ஷிஃப்டுக்குப் போய்விடுவாராம். அவரே ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் அரிதாரம் பூசி நடித்தவர் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். கேள்விதான். நான் பேப்பர் படிக்கும்போதுதான் அவர் கதை சொல்ல ஆரம்பிப்பார். "மாப்பிள்ளை, ஒரு தடவை என்ன ஆச்சுன்னா..." என்பார். நான் "ம்" என்பேன். பேப்பரை மடித்ததாக ஞாபகமில்லை. 2020-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். "உன்னை ஒரு தடவை மெட்ராஸ் கூட்டிட்டுப் போய் நாடகம் காட்டறேன்" என்று மகளிடம் சொன்ன வார்த்தை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு நாடகம் என்றால் கொட்டாவி. எனவே உடன்படிக்கை போட்டோம். சனிக்கிழமை அவளுக்காக நாடகம். ஞாயிற்றுக்கிழமை எனக்காக சினிமா. ஒருவர் பங்கில் மற்றவர் முகத்தைச் சுளிக்கக்கூடாது. ஒரு பழைய கல்யாணக் கவரின் பின்பக்கத்தில் பட்ஜெட் எழுதி வைத்தேன்.

வெள்ளி ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். பையன் அழுவான் என்று பயந்துகொண்டிருந்தோம். அவன் "ரிமோட் கார் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு பாட்டியிடம் ஓடிவிட்டான். ஸ்ரீரங்கம் தாண்டும் வரை அழுதது என் மனைவிதான்.

விடியற்காலை எழும்பூர். ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேனில் லாட்ஜுகள் வரிசையாக நிற்கின்றன. நம் போன்றவர்களுக்கென்றே ஏற்பட்ட சந்து அது. குளித்துவிட்டு, திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி. அங்கே சாம்பாரைக் கிண்ணத்தில் எதிர்பார்க்காதீர்கள். சர்வர் இட்லி மேல் சாம்பாரைக் கொட்டுகிறார், இட்லி மூழ்குகிறது, மறுபடி கேட்டால் மறுபடி கொட்டுகிறார். என் மனைவி மூன்று முறை கேட்டாள். வீட்டில் நான் இரண்டாம் முறை கேட்டால் என்ன நடக்கும் என்பது வேறு விஷயம்.

நாடகம் சாயங்காலம்தான். அதுவரை? "உங்க சினிமாவையும் கொஞ்சம் சுத்திக் காட்டுங்களேன்" என்றாள். நானும் பெருமையாக அண்ணா சாலைக்குக் கூட்டிப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, பாதிக்குப் பாதி சமாதிகளைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று.

அண்ணா சாலை தபால் ஆபீஸ் வளாகத்துக்குள் ஒரு பழைய சின்னக் கட்டடம். தபால்தலை சேகரிப்பவர்களுக்கான பிரிவு. அதுதான் 1913-ல் வார்விக் மேஜர் என்பவர் ஆரம்பித்த எலெக்ட்ரிக் தியேட்டர்! மெட்ராஸ் ஜனங்கள் நிரந்தரக் கட்டடத்தில் உட்கார்ந்து சினிமா பார்த்த ஆரம்ப இடங்களில் ஒன்று. படம் ஓடிய இடத்தில் இப்போது ஸ்டாம்ப்.

கொஞ்சம் தள்ளி, சாந்தி இருந்த இடம். 1961-ல் திறந்தது, சிவாஜி கணேசன் குடும்பத்துத் தியேட்டர். ரசிகர்கள் கற்பூரம் காட்டிய வாசல். 2016-ல் மூடிவிட்டார்கள். இன்னும் நடந்தால் சபையர் இருந்த இடம். 1964-ல் ஒரே கட்டடத்தில் சபையர், எமரால்ட், புளூ டைமண்ட் என்று மூன்று தியேட்டர்கள். அதிலும் புளூ டைமண்டில் படம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். ஏ.சி.க்காகவே டிக்கெட் வாங்கித் தூங்கியவர்கள் உண்டு என்பார்கள். 1994-ல் அதுவும் போயிற்று.

வெயில் மண்டையைப் பிளந்தது. "புளூ டைமண்ட் இருந்திருந்தா நல்லா இருக்கும்" என்றாள் அவள். அவள் சினிமாவை மெச்சிச் சொன்ன முதல் வார்த்தை.

நல்ல வேளை, தேவி இருந்தது. 1970 முதல் நிற்கிறது. தேவி பாரடைஸுக்குப் போகப் படிக்கட்டு கிடையாது. வளைந்து வளைந்து ஏறும் சாய்தளம். பேசிக்கொண்டே மேலே போய்விடலாம். மறுநாள் பார்க்க வேண்டிய படத்தைப் பற்றி விசாரிக்கிற சாக்கில் அதன் நிழலில் கால் மணி நேரம் நின்றோம்.

சாயங்காலம் திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறி, திருமயிலையில் இறங்கினோம். கபாலீஸ்வரர் கோயில் குளத்தைச் சுற்றிவிட்டு, பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. நிஜமாகவே ஒரு வீட்டு ஜன்னல்தான் கடை. கம்பிக்குப் பின்னாலிருந்து பஜ்ஜி வருகிறது. தெருவில் நின்று சாப்பிட வேண்டும். சாப்பிட்டோம். இரண்டாவது ரவுண்டுக்கு என் பட்ஜெட் கவரில் இடமில்லை, சேர்த்து எழுதிக்கொண்டேன்.

அப்புறம் சபா. எந்தச் சபா, எந்த நாடகம் என்று சொல்லப் போவதில்லை. காரணம் தானே புரியும்.

வாசலில் ஃபில்டர் காபி வாசனை. உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தலை. ஹாலின் சராசரி வயதை எங்கள் இருவரால்தான் கொஞ்சம் கீழே இழுக்க முடிந்தது. பக்கத்து ஸீட் பெரியவர் என்னைப் பார்த்து, "பாஸ் கொடுத்தாளா?" என்றார். "இல்லை ஸார், காசு கொடுத்து வந்தோம்" என்றேன். அவர் தன் சம்சாரத்திடம் திரும்பி, "திருச்சியிலேர்ந்து காசு கொடுத்து வந்திருக்காடி!" என்றார். இரண்டு வரிசை எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அவர்தான் பெரிய கலைக்களஞ்சியமாக இருந்தார். நாடகம் ஆரம்பிப்பதற்குள் பாதி சரித்திரம் சொல்லிவிட்டார். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தாரே, அப்போதிருந்தே மெட்ராஸில் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நாடகம் போடுகிற பழக்கம் வந்துவிட்டது. சம்பந்த முதலியாரே பிற்பாடு வக்கீல், அதற்கப்புறம் ஜட்ஜ். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்தபோதுதான் 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' எல்லாம் மேடையில் வந்தன. நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. பூர்ணம் விஸ்வநாதன் ரேடியோவில் செய்தி படித்தவர். கிரேசி மோகன் இன்ஜினீயர்.

"எல்லாம் அஞ்சு மணிக்கு ஆபீஸை விட்டு ஓடி வந்து, ஆறரைக்கு மீசை ஒட்டிண்டவா" என்றார் பெரியவர்.

யோசித்துப் பாருங்கள். நமக்கும் அஞ்சு மணிக்கு ஆபீஸ் விடுகிறது. நாம் என்ன ஒட்டிக்கொள்கிறோம்? செல்போனைக் காதில்.

திரை விலகியது. ரிடையரான அப்பா, மூன்று பிள்ளைகள், வீட்டை விற்பதா வேண்டாமா என்கிற தகராறு. முதல் பத்து நிமிஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அப்புறம் எப்போது பார்ப்பதை நிறுத்தினேன் என்று தெரியவில்லை. ஜோக்குகள் பழசுதான். ஆனால், நாம் சிரித்தால் அவர்கள் காத்திருக்கிறார்கள் ஸார்! சிரித்து முடித்த பிறகுதான் அடுத்த வசனம். நான் சிரித்ததற்காக ஒருவர் பேச்சை நிறுத்திக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மூன்றாவது காட்சியில் அது நடந்தது. அப்பா வேஷம் போட்டவருக்கு எழுபது வயசுக்குக் குறையாது. போன் மணி அடிக்கிறது. ரிசீவரை எடுத்துக் காதில் வைக்கிறார். "ஹலோ..." என்கிறார். அவ்வளவுதான். வசனம் மறந்துவிட்டது.

ஒரு செகண்ட். இரண்டு செகண்ட். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ கிசுகிசுப்பாக எடுத்துக் கொடுப்பது எங்களுக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவர் நெற்றி வியர்வை பளபளக்கிறது. ரிசீவர் லேசாக நடுங்குகிறது. ஹால் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் ஒரு சிரிப்பு. கலகலவென்று, கணீரென்று. திரும்பினால்... என் மனைவி!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார். பெரியவர் சிரித்தார். ஹால் முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு முழிக்கிற கிழவர்! அது மறதி இல்லை, ஜோக்! மேடையில் நின்றவரும் அதைப் பிடித்துக்கொண்டார். ரிசீவரை ஒரு தட்டுத் தட்டி, "எனக்குத்தான் வீட்டுல பேச்சுரிமை இல்லைன்னா, இதுக்குமா?" என்றார். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. அது அடங்குவதற்குள் வசனம் அவருக்கு வந்துவிட்டது.

இடைவேளையில் காபியுடன் ஓர் ஓரமாக நின்றோம்.

"ஏம்மா, அந்தச் சமயத்துல எப்படிச் சிரிப்பு வந்தது?"

"வரலை. சிரிச்சேன்."

பிறகு சொன்னாள். பொன்மலை இன்ஸ்டிட்யூட்டில் அப்பா நடிக்கும்போது அவள் முன்வரிசை. வயசு ஏழோ எட்டோ. அவளுக்கு ஒரு டியூட்டி உண்டாம். அப்பா வசனத்தை மறந்துவிட்டால் வலது காதைத் தொடுவார். உடனே இவள் சத்தமாகச் சிரிக்க வேண்டும். குழந்தை சிரித்தால் கூட்டம் சிரிக்கும். கூட்டம் சிரித்தால் நடிகனுக்கு நாலு செகண்ட் கிடைக்கும். "நாலு செகண்ட் கிடைச்சா போதும், போன வசனம் தானா திரும்பி வந்துடும்பார் அப்பா." சம்பளம், வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பன்னீர் சோடா.

காபி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இன்னொரு சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது.

2020. ஆஸ்பத்திரி. மாமனாருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறல். அன்று எதையோ சொல்ல முயற்சி செய்துகொண்டிருந்தார். "அந்த... அந்த..." என்கிறார். வார்த்தை வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. கட்டிலருகே நின்ற இவள் திடீரென்று சிரித்தாள். சத்தமாக. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமனாரும் ஒரு பக்க வாயால் சிரித்தார். அப்புறம் "பீரோ சாவி" என்றார்.

நான் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போய், "ஆஸ்பத்திரியில என்ன சிரிப்பு? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? பெத்த அப்பாவா, இல்லை வேற யாராவதா?" என்று கேட்டேன். கேட்ட குரல்கூட ஞாபகம் இருக்கிறது. அவள் ஒன்றுமே சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். மூன்று வருஷமாகியும் சொல்லவில்லை.

அவர் காதைத் தொட முடியாத கை, வலது கை. அன்று எனக்கு என்ன தெரியும்?

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். பெரிய நடிகர் கும்பிட்ட கையை எங்கள் பக்கமாக ஒரு நொடி கூடுதலாக நிறுத்தினார். யாரென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சிரிப்பு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று நடிகனுக்குத் தெரியாமல் இருக்குமா, என்ன?

ஞாயிற்றுக்கிழமை என் பங்கு. அண்ணா சாலை தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சி, 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம். ஏப்ரல் 28-ல் வெளிவந்து ஊரே பேசிக்கொண்டிருந்த படம். காவிரிக் கரையில் குடியிருப்பவன் சுமார் 330 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, டிக்கெட் வாங்கி, இருட்டில் உட்கார்ந்து சோழநாட்டைப் பார்க்கிறான் என்றால் சினிமாவின் சக்தியை என்னவென்று சொல்ல! குறை சொல்ல மாட்டேன். குதிரைக் குளம்படி ஸீட்டுக்கு அடியில் ஓடியது. விசில் பறந்தது. நானும் அடித்தேன். (சரியாக வரவில்லை. காலேஜோடு போன வித்தை.) என் ரெண்டே முக்கால் மணி நேரம் முழுசாக வசூல்.

என் மனைவி உடன்படிக்கைப்படி முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு மணி நேரம் ரசித்துப் பார்த்தாள். பிறகு ஏ.சி. காற்றில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திரையில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் அந்த வாள் அதே இடத்தில்தான் வீசப்படும். முந்தின நாள் இதே பெண் ஸீட்டின் நுனியில் உட்கார்ந்து ஒரு கிழவரைக் கரையேற்றியிருக்கிறாள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஐந்து நாள் ஆபீஸ், வீடு, பையன் என்று அலைந்த எனக்கும் அவளுக்கும் இந்த இருட்டும் குளிர்ச்சியும் தேவையாகத்தான் இருந்தன. தோளை அசைக்காமல் படத்தை முடித்தேன்.

உங்களில் யாராவது போவதாக இருந்தால் நாலு வார்த்தை. மெட்ராஸ் போகிற அன்றைய பேப்பரில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியைப் பாருங்கள். எந்தச் சபாவில் என்ன நாடகம் என்று தெரிந்துவிடும். அரை மணி முன்னதாகப் போங்கள்; காபி குடிக்கவும் பெரியவர்களிடம் சரித்திரம் கேட்கவும் நேரம் வேண்டும். பகலில் வெயிலோடு மல்லுக்கட்டாதீர்கள். எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் அண்ணா சாலைதான். நாடகத்தில் முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

ராத்திரி எழும்பூர் பிளாட்பாரம். ரிமோட் கார் பெட்டி மேல் உட்கார்ந்து கவரை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். பட்ஜெட்டை விட எண்ணூற்றுப் பத்து ரூபாய் அதிகம். பஜ்ஜி எங்களை ஏமாற்றிவிட்டது. எல்லா ஐட்டமும் டாலி ஆயிற்று. ஒன்றே ஒன்றுதான் மூன்று வருஷமாகப் பாக்கி. அதற்குக் கவரில் இடமில்லை.

"ஏம்மா..."

"என்ன?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில... நான் உன்னை..."

வண்டி வருவதாக மைக்கில் அறிவித்தார்கள். கூட்டம் எழுந்தது. முந்தின ராத்திரி லாட்ஜில் தூக்கம் வராமல் நன்றாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். அழகான நாலு வாக்கியம். ஒன்றும் வரவில்லை. "அந்த... அந்த..." என்றேன். கை தானாகக் காதுக்குப் போயிற்று.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு செகண்ட். அப்புறம் சிரித்தாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, கலகலவென்று, கணீரென்று. பெட்டி தூக்குகிறவர்கூட நின்று சிரித்துவிட்டுப் போனார்.

நாலு செகண்ட் ஆகியிருக்கும். வசனம் வந்துவிட்டது. சொன்னேன்.